கண்டிப் பாசறையும் குடும்பப் பிரிவும்

போர்களை முதன்மையாகக் கொண்டு வரலாறு எழுதுதல் எந்நாட்டிலும் ஊறிப்போன வழக்கம். எம்மன்னன் எந்த ஆண்டில் எக்கோட்டையைக் கைப்பற்றினான் என்பது ஏட்டில் இடம்பெறும். கைப்பற்றிய கோட்டையிற் காவலுக்கு நிறுத்தப்பட்ட வீரன் அடுத்த நாள் யாது உண்டான், எவரோடு உரையாடினான், கடலுக்கு அப்பாலிருந்த மனைவி மக்களை நினைந்து எவ்வாறு இரவைக் கழித்தான் என்பன இடம்பெறா. ஆயின், கடல் கடந்து சென்ற படைக்குக் கோட்டையைப் பிடித்தலினும் பிடித்த கோட்டையில் வாழ்ந்திருத்தலே அரிதாயிற்று என்பதைக் கண்டி நாட்டு வரலாறு நன்கு காட்டுகின்றது.

பாசறை வாழ்க்கையைத் தமிழர் நன்கறிவர். வேந்தனின் வினைமேற் சென்றவன் பாசறையில் இருத்தலும், அவன் வரவை எதிர்நோக்கித் தலைவி மனையில் ஆற்றியிருத்தலும் நம் பழம்பாடல்களின் பெரும்பொருளாகும். கடல்வழிச் செலவு பெண்ணொடு நிகழ்தல் இல்லை என்றும், பாசறையில் மனைவியொடு உறைதல் வழக்கன்று என்றும் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும். அயல்நாடுகளிற் பாசறை அமைத்த பிற்காலப் படைகள் யாவும் இவ்வரையறையைப் பின்பற்றினவா? பின்பற்றியவை யாது பயன் கண்டன? பின்பற்றாதவை யாது பயன் கண்டன? இவ்வினாக்களுக்குக் கண்டியையும் அதன் சூழலையும் கொண்டு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டி மாநகரின் மூன்று புறமும் மகாவலி கங்கை வளைந்தோடுகின்றது. வடகிழக்கே ஆற்றைக் கடந்தால் தும்பறைப் பள்ளத்தாக்கு. அங்கே மடவளை முதலிய ஊர்கள் உள்ளன. அவற்றில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். நகரிலிருந்து திருகோணமலைக்குச் சென்ற பழைய வழி வட்டபுலுவத் துறையில் ஆற்றைத் தாண்டியது. வட்டபுலுவவுக்கும் மடவளைக்கும் இடையே இருப்பது சில கல் தொலைவே. கடல் கடந்து வந்த படையொன்றின் கதை முடிந்த இடம் அத்துறையாகும்.

1803ஆம் ஆண்டு தொடக்கத்தில் தேசாதிபதி பிரடரிக் நோர்த் கண்டிமீது படை செலுத்தினார். தளபதி மக்டோவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். பெப்ரவரியில் அவர்கள் நகரிற் புகுந்தபோது அங்கே குடிகளும் இல்லை, அரசனும் இல்லை. அரண்மனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. முத்துச்சாமி என்பவரை அரசராக்கி, ஏப்ரலில் மக்டோவல் பெரும்படையோடு கொழும்பு திரும்பினார். 19ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஆங்கிலேயரும், அவர்களினும் மிகுந்த தொகையினரான மலாய்ச் சிப்பாய்களும், பீரங்கிப்படை லஸ்கர்களும் கண்டியில் நிறுத்தப்பட்டனர்.

அப்பொழுது போர் நிகழவில்லை. பகைவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. எனினும் படை நாளுக்கு நாள் அழிந்தது. சூழவுள்ள ஊரார் காடுகளுக்குச் சென்றுவிட்டமையால் காய்கறியும் இறைச்சியும் கிடைத்தில. அரிசியும் சாராயமுமே மிஞ்சின. மழைக்காலம் தொடங்கியதும் காய்ச்சல் பரவியது. காலும் வயிறும் வீங்கும் பெரிபெரி நோயும் உடன் வந்தது. தீட்டிய அரிசியையே உண்பதால் உண்டாகும் உயிர்ச்சத்துக் குறைவே பெரிபெரிக்குக் காரணம் என்பதற்கு வழிகாட்டிய ஆய்வை ஐக்மன் யாவாவிற் செய்தது 1890களிலேயாம். மலைக்காய்ச்சலைக் கொசு பரப்பும் என்று றொஸ் நிறுவியதும் அப்பத்தாண்டிலேதான். 1803இல் இருந்த மருத்துவர் காற்றையும் ஈரத்தையும் குறை கூறுவதன்றி வேறு செய்ய அறியார். பார்பட்டும் நோயுற்று இறந்தார். தலைமை, மலாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் அடம் டேவியின் கைக்கு வந்தது. அப்பொறுப்புக்குத் தாம் தகுதியற்றவர் என எண்ணிய அவர் அதனை விருப்பமின்றியே ஏற்றார்.

1803 யூன் 24ஆம் நாள் விடியலிற் கண்டிப்படை தாக்கியது. அன்றே டேவி நகரை ஒப்படைத்து, நடக்கக்கூடியவர்களை அழைத்துக்கொண்டு திருகோணமலை வழியே சென்றார். மருத்துவ விடுதியில் எழமுடியாது கிடந்த ஆங்கிலேய நோயாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் பின்னே விடப்பட்டுக் கொல்லப்பட்டனர். வட்டபுலுவத் துறையில் மகாவலி பெருக்கெடுத்தோடியது, ஓடமும் இல்லை. முத்துச்சாமியை ஒப்படைத்தும் பயனில்லாது போயிற்று. ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் படுகொலை செய்யப்பட்டனர். டேவி பல்லாண்டு கைதியாய் இருந்து, 1812 அளவில் கண்டி நாட்டிலேயே மாண்டார்.

இந்நிகழ்ச்சியைத் துரோகம் என்றும் கோழைமை என்றும் எழுதியவர் பலர். ஆனால் யூன் 24ஆம் நாளுக்கு முன்பே அப்படை பெரும்பாலும் வீழ்ந்துவிட்டது என்பதே கருதத்தக்கது. உணவும் ஊரும் உறவும் இன்றி வேற்றுநாட்டில் நான்கு மாதம் இருந்ததே அதனை வீழ்த்தியது. தாக்குதலுக்கு முன்னரே மலாய்ச் சிப்பாய்கள் பலர் கண்டி அரசனின் பக்கம் சேர்ந்தமையையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அரசனிடத்தும் ஒரு மலாய்ப் படை இருந்தது. அதில் இவர்தம் மொழியினரும் சமயத்தவரும் இருந்தனர். தனித்த வீரனுக்கு எதிரியின் பாளையத்திற் கேட்கும் தாய்மொழி எத்துணை ஈர்ப்புடையது என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும், அரசன் அழைத்தும் பணியாது உயிர் கொடுத்த நூர்தீன் என்னும் மலாய்க் கப்டனும் அப்படையிலிருந்தவரே.

இவ்வழிவிலிருந்து தப்பியவருள் சார்ஜன்ட் தியோன் என்பவரின் கதை நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. இவர் மருத்துவ விடுதியில் நோயாளராய்க் கிடந்தவர். தூக்கிலிடப்பட்டபோது கயிறு அறுந்தமையாற் பிழைத்தார். இச்செய்தியைக் கேட்ட அரசன் அவருக்கு உறைவிடம் அளித்தான். தியோன் அந்நகரில் முஸ்லிம் பெண் ஒருவரை மணந்து வாழ்ந்தார். 1815இல் ஆங்கிலேயர் மீண்டும் கண்டியிற் புகுந்தபோது, இறந்தோர் பட்டியலில் இருந்த அவர் குடும்பத்தராய் எதிரே வந்து நின்றார். ஆயிரம் துப்பாக்கிகளால் நிலைத்திருக்க இயலாத ஊரில், ஒரு வீட்டின் துணையாற் பன்னிரண்டு ஆண்டு நிலைத்திருந்தார் அவர்.

தியோன் தற்செயலாகப் பெற்றதை மலாய்ப் படை முறையாகப் பெற்றிருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து கொணரப்பட்ட மலாய் வீரர், 1796இற் கொழும்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் பணிக்கு மாறினர். அவர்கள் போருக்குச் செல்லும்போதும் மனைவி மக்களை உடன்கொண்டு சென்றதை அக்காலத்து ஆங்கிலேயர் வியப்போடு குறித்துள்ளனர். 1827இல் இலங்கைத் துப்பாக்கிப் படை எனப் பெயர்பெற்ற படையணியில் மலாயரே பெருந்தொகையினர். பாசறையை ஒட்டியே அவர்தம் குடியிருப்பு அமைந்தது. பிள்ளைகளுக்குப் பாடசாலை நடந்தது. தந்தை விட்ட இடத்தில் மகன் சேர்ந்தான். காவற் கடமை முடிந்த வேளையில் மலாய்க் காவியங்களையும் சமய நூல்களையும் ஏட்டிற் படியெடுத்த சிப்பாய்கள் பலர். அவ்வேடுகள் சிலவற்றில் அரபு எழுத்தில் எழுதிய தமிழும் கலந்துள்ளமை, அவர்கள் அயலாரோடு கொண்ட உறவைக் காட்டும்.

படையை வளர்க்கும் பொருட்டு அரசாங்கம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் முதலிய இடங்களில் ஆள் திரட்டியது. 1856, 1857ஆம் ஆண்டுகளில் கப்டன் திரஞ்சல் போர்ணியோக் கரை வரை சென்றும் பெற்றவர் மிகச் சிலரே. புதியவர் வாராவிடினும், பாசறையிற் பிறந்த பிள்ளைகளைக் கொண்டு படை நெடுங்காலம் நின்றது. 1873இல் அது கலைக்கப்பட்டபோது வீரர் பலர் பொலிஸ் சேவை, சிறைச்சாலை, பெருந்தோட்டம் ஆகியவற்றிற் பணி தேடினர். கண்டி, பதுளை, குருநாகல், அம்பாந்தோட்டை ஆகிய ஊர்களின் மலாய்ச் சமூகங்கள் இப்படைக் குடியிருப்புகளின் தொடர்ச்சியேயாம். 1869இற் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் நடத்திய ‘அலாமத் லங்காபுரி’, மலாய் மொழியின் மிகப் பழைய செய்தித்தாள்களுள் ஒன்று. பாசறையிற் பிறந்த சமூகமே அதன் வாசகர் கூட்டம்.

இனி ஆங்கிலேய வீரரை நோக்குவோம். அப்படையில் நூறு வீரருக்கு ஆறு மனைவியர் அளவிலேயே கடல் கடந்து உடன்செல்ல இசைவு கிடைத்தது. கப்பலேறுமுன் சீட்டுக் குலுக்கி அவர்களைத் தெரிவு செய்தனர். சீட்டு விழாதவள் கைக்குழந்தையோடு துறைமுகத்தில் நிற்க, கணவன் பல்லாண்டுப் பணிக்காகக் கப்பலேறினான். இவ்வாறு வந்தோர் கண்டியில் அடைந்த நிலையை அரண்மனைக்கும் தலதா மாளிகைக்கும் அணித்தாயுள்ள பழைய காவற்படைக் கல்லறைத் தோட்டம் உரைக்கும். அங்குள்ள கல்லறைகள் 195. முதுமையெய்தி மாண்டோர் அவற்றிற் சிலரே. காய்ச்சலும் வெயிலும் இளைஞரையும் மகவுகளையும் கொண்டுபோயின. கண்டி உடன்படிக்கையில் முதன்மைப் பங்கு கொண்ட சேர் ஜோன் டொயிலியும் 1824இற் காய்ச்சலால் இறந்து அங்கேயே அடக்கமானார். கல்லறையிற் பெயர் பொறிக்கப்பெற்றோர் பெரும்பாலும் அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாருமே. சாதாரண வீரரிற் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இச்சாவுகளை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர் ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவர். 1808 முதல் 1821 வரை இலங்கையிற் பணியாற்றிய இவர், கண்டிப் பகுதியின் நோய்களைப் பற்றி 1821இல் நூல் வெளியிட்டார். பின்னர் துல்லொக் என்பவரோடு பிரித்தானியப் படையின் நோய், இறப்புக் கணக்குகளைத் தொகுக்கும் பணியிற் பங்குகொண்டார். 1817 முதல் 1836 வரை இலங்கையிலிருந்த பிரித்தானிய வீரருள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு எழுபதின்மர் அளவில் இறந்தனர் என்பதும், தாய்நாட்டிலிருந்த வீரருள் அத்தொகை பதினைவர் அளவே என்பதும் அத்தகைய கணக்குகளால் தெரியவந்தன. மலாயர் இவ்வாறு மாளாமைக்குக் குடும்பம் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வெப்பநாட்டுக் காய்ச்சலுக்குப் பழகிய உடலும் அவர்களுக்குத் துணையாயிற்று. ஆயினும், சமைத்த உணவும் நோயிற் பார்ப்பாரும் ஊதியத்தைச் சாராயத்திற் கரையவிடாத மனையாளும் இருந்தமையின் பயனை எளிதெனத் தள்ளவும் இயலாது.

நூறாண்டு கழிந்து கண்டி மறுபடியும் பாசறையாயிற்று. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் புதுதில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. மவுண்ட்பேட்டன் பிரபு தலைவர். பேராதனைப் பூந்தோட்டத்தில் அலுவலகங்கள் எழுந்தன. பிரித்தானியரும் அமெரிக்கரும், ஆடவரும் மகளிருமாய் ஆயிரக்கணக்கானோர் குழுமினர். பர்மியப் போருக்கு அனுப்பப்பட்ட கிழக்காபிரிக்கப் படையினர் இலங்கையிற் பயிற்சி பெற்றனர். இம்முறை நோயை வெல்ல மருந்து இருந்தது, உணவு இருந்தது. பிரிவு ஒன்றே எஞ்சியது. கடிதங்களை நுண்படமாக்கி வானூர்தியில் அனுப்பினர். படைக்கெனச் செய்தித்தாள் வெளியிட்டனர். இவற்றால் ஏக்கம் தணிந்ததேயன்றி நீங்கிற்றில்லை. ஆண்டுகளாக வீடு காணாத வீரரின் முறையீடும், அவர்தம் வீட்டாரின் முறையீடும் இலண்டனை எட்டின. 1945 யூனில் அயல்நாட்டுப் பணிக்காலம் மூன்றாண்டு நான்கு மாதமாகக் குறைக்கப்பட்டது. மலாயாவின்மேற் படையிறங்க மவுண்ட்பேட்டன் ஆயத்தஞ்செய்த வேளையில், பழகிய வீரரைத் திருப்பியனுப்ப நேர்ந்ததால் அவர் பெரிதும் இடர்ப்பட்டார். வீட்டு ஏக்கம் போர்த் திட்டத்தையே அசைத்த நிகழ்ச்சி இது. திரும்பாதவர் மகாவலியை அடுத்துப் பிட்டகந்தையிலுள்ள போர்க் கல்லறையில் துயில்கின்றனர். பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனடியர் எனப் பல நாட்டாரின் பெயர்கள் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். குடும்பத்தை உடன்கொண்ட படை இந்நாட்டின் குடியாயிற்று. குடும்பத்தைக் கரையில் விட்டு வந்த படை, வென்றபோதும் விருந்தினராகவே இருந்து நீங்கிற்று. பாசறையில் மனைவியொடு உறைதல் வழக்கன்று என்ற நம் முன்னோர் வரையறை ஒரு பருவத்துப் போருக்கு ஏற்றது. கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்றவனுக்கு அது பொருந்தும். பத்தாண்டும் இருபதாண்டும் நீளும் கடல்கடந்த காவலுக்கு அது பொருந்தாது.

எனினும் அம்முன்னோரிடம் வரலாற்று மாணவர் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பாசறையில் இருந்தவனைப் பாடிய புலவர், மனையில் இருந்தவளையும் உடன்வைத்துப் பாடினர். ஒருவரை விடுத்து மற்றவரின் கதை நிறைவுறாது என்று அவர்கள் அறிந்திருந்தனர். வட்டபுலுவக் கரையில் மாண்ட வீரரின் தொகையை வரலாறு ஒருவாறு எண்ணியிருக்கின்றது. அவர்களுக்காக இங்கிலாந்துத் துறைமுகங்களிலும் கொழும்புப் பாசறைக் குடில்களிலும் காத்திருந்த பெண்களை எவரும் எண்ணவில்லை. அந்த எண்ணிக்கையும் சேர்ந்தபின்னரே 1803ஆம் ஆண்டின் கணக்கு முடிவுபெறும்.