நோயாளியிடம் கேட்கப்படாத கேள்வி

1923ஆம் ஆண்டு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரே, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வித்து. நிதி திரட்ட முன்னின்றது இந்திய மாதர் சங்கம். சிகிச்சையின் வரலாற்றில் பெண்களுக்கு இத்தனை பங்கிருந்தும், நோயோடு வாழ்வதை அளந்த கோல் அவர்களை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

1949இல் வெளியான கார்னோஃப்ஸ்கி அளவுகோல், நோயாளிக்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இட்டது. இடுபவர் மருத்துவர், பார்ப்பது, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்பதை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மருக்குப் பேருந்தேறும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து அவள் உலை வைத்துவிட்டால், கோலின்படி நலமாகவே இருக்கிறாள்! கணவன் படுத்தால் கஞ்சி காய்ச்சித் தர அவளுண்டு, அவள் படுத்தால்?

1993இல் ஐரோப்பிய புற்றுநோய் ஆய்வமைப்பு வெளியிட்ட 30 கேள்விகள் கொண்ட படிவம் நோயாளியையே பேசவைத்தது: அசதி, உறக்கமின்மை, மனக்கலக்கம், குடும்ப வாழ்வு, பணமுடை. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அசதியையும் உறக்கமின்மையையும் மிகுதியாகச் சொன்னவர்கள் பெண்களே. பெண்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பாரும் உளர். எனக்கு அது ஏற்புடையதன்று. ஆண்கள் குறைத்துச் சொல்லப் பழகியிருக்கலாம் என்பதையும் எண்ணவேண்டும். உண்ணவும் உடுத்தவும் உதவி தேவைப்படுகிறதா என்று அப்படிவம் கேட்கிறது. அவ்வுதவியைச் செய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை.