பெயர் தொலைந்த பாம்பு

சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு மலை என்றால் கொல்லிமலைதான். ஆனால் நான் இன்று சொல்லப்போவது சேலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேர்வராயன் மலையைப் பற்றி, அதிலும் அங்கே மண்ணுக்குள் வாழும் ஒரு சின்னப் பாம்பைப் பற்றி. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இது கேடயவால் பாம்பு வகையைச் சேர்ந்தது. தலை கூர்மையாக இருக்கும், வால் வெட்டிவிட்டது போல மொட்டையாக இருக்கும். அந்த வால் நுனியில் முரட்டுச் செதில்கள் உண்டு. அதில் மண் அப்பிக்கொள்வதால் வளைக்குள் போகும்போது பின்னால் ஒரு மூடி போட்டது போல ஆகிவிடும். விஷம் கிடையாது. உணவு மண்புழு. முட்டையிடாது, குட்டி போடும். தலை எது, வால் எது என்று சட்டென்று தெரியாததால் பார்த்தவர்கள் "இரட்டைத்தலைப் பாம்பு" என்று அடித்துவிடுகிறார்கள். பாவம், அதற்கு ஒரு தலைதான்!

இனி சரித்திரத்துக்கு வருவோம். 1829ல் பிரான்சின் குவியே இந்த வகைப் பாம்பு ஒன்றுக்கு இலங்கையின் பெயரை வைத்தார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாம்பு இலங்கையில் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது. அதன் பிறகு 1863ல், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் என்ற ராணுவ அதிகாரி சேர்வராயன் மலைப் பாம்பைத் தனி இனமாக விவரித்தார். மருத்துவர் ஜான் ஷார்ட்டின் பெயரை அதற்கு வைத்தார். கருப்பு உடம்பில் மஞ்சள் பட்டைகள் கொண்ட பாம்பு அது.

பின்னால் வந்த நூல்கள் இதைத் தனி இனமாக ஏற்கவில்லை. இலங்கைப் பெயர் கொண்ட அந்தப் பாம்போடு சேர்த்துவிட்டன. பெடோம் 1911ல் இறந்தார். அதற்கும் நூறு வருடம் கழித்து, 2014ல் நம் நாட்டு ஆய்வாளர்கள் கணேஷும் அவருடன் சேர்ந்தவர்களும் செதில்களையும் நிறத்தையும் ஒப்பிட்டு, இது வேறு இனம்தான் என்று பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக மொத்தம் 151 வருடம்!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டும் ஒன்று என்றால், சேர்வராயன் மலையில் அழிந்தாலும் வேறு மலையில் இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். தனி இனம் என்றால் அப்படி விடமுடியாது. இந்தப் பாம்புக்கு ஈரமான மலை மண் வேண்டும். வெயிலில் காய்ந்த சேலம் சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்கு ஊர்ந்து போக அதனால் முடியாது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி போட்டதிலிருந்து அந்த மலைக்காடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மழைக்காலத்தில் மண்ணைவிட்டு வெளியே வந்து ரோட்டில் வண்டிக்கடியில் நசுங்குவதும் உண்டு.

ஏற்காடு போகிறவர்கள் மழை விட்ட பிறகு ரோட்டில் மொட்டை வாலோடு ஒரு பாம்பைப் பார்த்தால், கொஞ்சம் வண்டியை நிறுத்தி, அது ஓரத்து மண்ணுக்குள் போகும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.