குழி வெட்டினது யாரு, மாமா?

போன பள்ளி விடுமுறையில் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூத்தவள் தரம் 7, சின்னவன் தரம் 3. ஹட்டனில் காலை பஸ் ஏறி, கம்பளை தாண்டி, பேராதனைச் சந்தியில் இறங்கும்போது சின்னவன் கொண்டுவந்த பிஸ்கட் எல்லாம் முடிந்திருந்தது. டிக்கட் வரிசையில் நிற்கும்போதே அவன் தொடங்கிவிட்டான்.

"அரச தாவரவியல் பூங்கான்னு சொன்னீங்கல்ல, அப்ப ராஜா எங்க?"

நல்ல கேள்விதான். நான் படித்த காலத்தில் இதை யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. 1821, அலெக்சாண்டர் மூன் என்று இரண்டு விடயங்களைப் பாடமாக்கினோம், சோதனையில் எழுதினோம், அவ்வளவுதான்.

உண்மையில் அந்த 'அரச' என்ற சொல்லுக்குள் இரண்டு அரசுகள் இருக்கின்றன. முதலாவது கண்டி. மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடும் இந்த நிலத்தில், 1371 இல் மூன்றாம் விக்கிரமபாகு அரசவை வைத்திருந்தான் என்று பூங்காவின் வரலாறு தொடங்கும். நாலு நூற்றாண்டு கழித்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இதை அரச தோட்டமாக்கினான். மதுரை நாயக்கர் வழி வந்தவன், கண்டியில் பௌத்தத்தைத் தூக்கி நிறுத்தியவனும் அவன்தான். அவனுக்குப் பின் வந்த ராஜாதி ராஜசிங்கன் இங்கே மாளிகை வைத்து வசித்தான். 1815 இல் கண்டி வீழ்ந்தது, கடைசி அரசன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான், தோட்டம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. அடுத்த அரசு லண்டனில் இருந்தது. மூன் களுத்துறையில் இருந்த தாவரத் தோட்டத்தை இங்கே மாற்றியது அதற்கு ஆறு வருடம் கழித்து.

இதைச் சுருக்கிச் சொல்லி முடிக்கும்போது சின்னவன் பக்கத்தில் இல்லை. வௌவால் பார்க்க ஓடிவிட்டான். ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பட்டப்பகலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 147 ஏக்கரையும் ஒரே நாளில் சுற்றப் பார்க்காதீர்கள். வௌவால், ராட்சத மூங்கில், பெரிய புல்வெளியில் குடை விரித்த மாதிரி நிற்கும் ஜாவா அத்தி, மகாவலி மேலே ஆடும் தொங்குபாலம். இந்த நாலும் போதும். மூங்கில் வளரும் காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி அளவுக்குக்கூட உயரும் என்றதும், சின்னவன் அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்தான். "வளரவே இல்ல" என்று தீர்ப்பும் சொன்னான்.

விருந்தினர்கள் நட்ட மரங்கள் இருக்கும் பக்கத்துக்கு வந்ததும் மூத்தவள் கொப்பியை எடுத்தாள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பலகை: மரத்தின் பெயர், நட்டவரின் பெயர், வருடம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரும் மனைவி மேரியும் 1901 இல் நட்ட நாகலிங்க மரம் அங்கே நிற்கிறது. (அந்த மரம் தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. நாங்கள் பூவுக்குள் லிங்கம் இருக்கிறது என்கிறோம், சிங்களவர்கள் சல் மரம் என்று விகாரையில் நடுகிறார்கள். இரண்டு சமயமும் சண்டையில்லாமல் பங்குபோட்ட ஒரே வெளிநாட்டுக்காரன்.) விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் 1961 இல் வந்து நட்ட மரமும் உண்டு. அதற்கு மட்டும் சின்னவன் மரியாதை கொடுத்துத் தொட்டுப் பார்த்தான்.

பத்துப் பதினைந்து பலகை எழுதிய பிறகு மூத்தவள் கேட்டாள்:

"மாமா, ராணி குழி வெட்டியிருக்க மாட்டாங்கல்ல? குழி வெட்டினது யாரு?"

அவளுடைய தாத்தா தோட்டத்தில் குழி வெட்டியவர். கன்று நடுவது என்றால் முதலில் ஒருத்தர் முதுகு வளைய வேண்டும் என்பது அவளுக்கு வீட்டிலேயே தெரியும். விருந்தாளி ஒரு பிடி மண் போடுவார், படம் எடுப்பார்கள், போய்விடுவார். அதற்கு முதல் நாளும் அடுத்த ஐம்பது வருடமும் வேலை செய்தவர்களுக்குப் பலகை இல்லை. நான் பார்த்த வரையில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கேள்வியோடுதான் இந்தப் பூங்காவின் வரலாற்றை நான் திரும்பப் படித்தேன். நம்மில் பலர் நினைப்பதுபோல இது பூப் பார்க்கப் போட்ட தோட்டம் அல்ல. ஏகாதிபத்தியத்தின் நாற்றுமேடை. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிடிக்கும், எது காசு தரும் என்று சோதித்துப் பார்த்த இடம். மூன் இங்கே நட்டவற்றில் கறுவாவும் கோப்பியும் முக்கியமானவை. பிறகு மலைக்காடு அழிந்து கோப்பித் தோட்டமானது. அதில் வேலை செய்யத் தென்னிந்தியாவில் இருந்து நம் முன்னோர் கடல் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

ஆனால் கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869 இல் கோப்பி இலையில் துரு மாதிரி மஞ்சள் புள்ளி விழுந்தது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் அப்போது இருந்த த்வைட்ஸ், நோய் விழுந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணத்துக்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி போய்விட்டது.

அந்த இடத்தைப் பிடித்தது தேயிலை. 1839 இலேயே அசாம் தேயிலை விதை பேராதனைக்கு வந்திருந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதைத் தோட்டமாக்கினார். தேயிலைக்குப் பருவம் இல்லை, வாரா வாரம் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆட்கள் ஊர் திரும்ப முடியாது, குடும்பமாக வர வேண்டும், லயத்தில் தங்க வேண்டும். ஒரு பூஞ்சணமும் ஒரு செடியும் சேர்ந்து வந்துபோய்க்கொண்டிருந்தவர்களை இந்த மலையிலேயே நிற்க வைத்தன. அசாமில் இருந்து வந்த செடிக்கு 'சிலோன் டீ' என்று பெயர் வந்தது. அதைப் பறித்தவர்களை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

முழுவதும் பெயரில்லாத கதை என்றும் சொல்ல முடியாது. ஹர்மானிஸ் த அல்விஸ் என்ற சிங்களக் கலைஞர் பல பத்தாண்டுகள் இந்தப் பூங்காவுக்காகச் செடிகளை வரைந்தார், அவருக்குப் பிறகு அவருடைய குடும்பத்தவரும் வரைந்தார்கள். த்வைட்ஸுக்குப் பின் வந்த ட்ரைமன் எழுதிய இலங்கைத் தாவர நூலில் செடிகளின் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. அந்தப் பெயர்களை யாரோ தமிழ் பேசுகிறவர்கள்தான் முதலில் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் அன்று ஜாவா அத்தி வேரில் உட்கார்ந்து சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். திரும்பி வரும் பஸ்ஸில் சின்னவன் தூங்கிவிட்டான். நாவலப்பிட்டி தாண்டி தேயிலை மலை தெரியத் தொடங்கியதும், தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கும் மேலே மரமாகப் போகும் என்று மூத்தவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. இடுப்பளவுக்கு மேல் வளர்ந்த தேயிலையை அவள் கண்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே அம்மாயியிடம் போய், அது உண்மையா என்று கேட்டாள். அம்மாயி கொழுந்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "கைவிட்ட மலைல போய் பாரு" என்றார். அடுத்த ஞாயிறு போவதாக இருக்கிறோம். மூத்தவள் கொப்பியும் எடுத்து வருகிறாளாம்.