பல்லாவரம்: ஊர்ப்பெயரும் சொல்வழக்கும்

சென்னையின் தெற்குப் புறநகரான பல்லாவரத்தின் பெயர் ‘பல்லவபுரம்’ என்பதன் மரூஉ என்பர். ‘அவ’ ஆகாரமாக நீண்டமையும், உயிர்களுக்கு இடைப்பட்ட பகரம் வகரமானமையும் பேச்சுத்தமிழின் இயல்போடு ஒத்துவருவனவே. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்குக் கண்டெடுத்த கைக்கோடரி இந்தியப் பழங்கற்கால ஆய்வுக்கு வழிகோலிற்று. ஆயினும் ஊரின் மொழிவரலாற்றுக்குக் கிடைக்கும் பழஞ்சான்று, பிற்காலத்தில் தர்காவாக மாறிய பல்லவர் குடைவரையே. முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் அங்கு வெட்டப்பட்டுள்ளன. வடமொழிப் பெயர்களுடன் தெலுங்குச் சாயலுடையனவும் அவற்றுள் விரவிக் கிடக்கின்றன. தன் புகழை ஒரு மொழிக்குள் அடக்க அரசன் விரும்பவில்லை போலும்.

சொற்கலப்புக்கு இத்தகைய கற்சான்று உள்ள ஊரில்தான் மறைமலையடிகள் 1911இல் குடியேறினார். தனித்தமிழ் இயக்கம் 1916இல் தோன்றியதும் இங்கேதான். வேதாசலம் என்னும் தம் பெயரில் வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் அவர் பெயர்த்துக்கொண்டார். சொல்லுக்குச் சொல் நேர்நிற்கும் இத்தகைய ஆக்கம் மொழிபெயர்ப்பாளர்க்கு அரிதாகவே வாய்க்கும்.

ஆனால் ஆட்பெயரில் இயன்றது ஊர்ப்பெயரில் இயலவில்லை. ஊர்ப்பெயர் ஒருவரது உடைமையன்று. பத்திரமும் அஞ்சலும் இரயில் நிலையப் பலகையும் அதைக் காத்துநிற்பன. இயக்கம் வேரூன்றிய பின்னரும் பல்லாவரம் பல்லாவரமாகவே நின்றது. அண்டையிலோ, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் ‘குரோம்பேட்டை’ என்னும் கலப்புப்பெயர் நிலைத்தது. இவ்விரு பகுதிகளையும் உள்ளடக்கிய பல்லாவரம் நகராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகராட்சியின் பெயர் மறைந்தது. ஊரின் பெயர் வழக்கில் தொடர்கிறது.