உரோமுக்குப் போன இலங்கைத் தூதுவர்

உரோமப் பேரரசில் செங்கடல் வரியை அறவிடும் குத்தகை அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் இருந்தது. அவரால் விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் செல்கையில் வாடைக் காற்றில் அகப்பட்டு, 15ஆம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கினார். வாடைக் காலத்தில் தோணிகளைக் கரையேற்றும் அட்டாளைச்சேனை வாசகருக்கு அக்காற்றின் வலுவைச் சொல்லத் தேவையில்லை. கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. ஆகவே அத்துறை புத்தளத்துக்கு வடக்கேயுள்ள குதிரைமலை எனப் பலர் கருதுகின்றனர்.

அங்கிருந்த மன்னர் அவரை ஆறு மாதம் உபசரித்தார். அவரிடமிருந்த உரோம வெள்ளி நாணயங்கள் வெவ்வேறு தலைகள் பொறிக்கப்பட்டும் ஒரே நிறையில் இருந்ததைக் கண்டு வியந்து, பேரரசர் கிளாடியஸிடம் (கி.பி. 41–54) நான்கு தூதுவரை அனுப்பினார். தலைமைத் தூதுவரின் பெயர் ராக்கியாஸ். இதையெல்லாம் கி.பி. 77 அளவில் எழுதி வைத்தவர் பிளினி.

தூதுவர் சொன்னதாக அவர் தரும் அரசியல் செய்தி இன்னும் விசித்திரமானது. அரசனை மக்களே தெரிவுசெய்வர்; பிள்ளை பிறந்தால் பதவி போய்விடும், அரசுரிமை பரம்பரையாகக் கூடாதாம். மரண தண்டனைக்கு 30 ஆலோசகரில் பெரும்பான்மையோர் இணங்க வேண்டும். பாளி நூல்கள் காட்டும் அரசர்களோடு இது ஒத்துவரவில்லை. தம் நாட்டுப் பேரரசர்களை மனத்தில் வைத்தே பிளினி இதை எழுதியிருக்க வேண்டும்.

காலத்திலும் ஒரு சிக்கல். எகிப்தியப் பாலைவனப் பாறையொன்றில் புளோகாமஸின் அடிமை லைசாஸ் பொறித்த வாசகம் கி.பி. 6ஆம் ஆண்டுக்குரியது. கப்பல் வந்தது கிளாடியஸுக்குப் பல ஆண்டுகள் முன்னராகவும் இருக்கலாம்.

ராக்கியாஸை 'ராசா' என்றும் 'ஆராச்சி' என்றும் வாசித்துச் சொந்தம் கொண்டாடியோர் உண்டு. மன்னரின் பெயரைப் பிளினி தரவில்லை. ஒதுங்கிய உரோமர் ஆறு மாதத்தில் உள்ளூர் மொழியைப் பேசப் பழகினார் என்கிறார். அது எந்த மொழி என்று எழுதவில்லை.