வாவியின் இரு கரைகளும் வைத்தியக் கல்வியும்

மகள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டால் "டொக்டருக்கு" என்று பெருமையோடு சொல்லும் வழக்கம் மட்டக்களப்பில் இன்றும் உண்டு. எப்படிப்பட்ட டொக்டர் என்று நாம் கேட்பது குறைவு. அக்கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நமது நூற்றாண்டு மலரில் அதனைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறோம்.

இலங்கைத் தமிழரிடையே இக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கை வந்த அவர், மானிப்பாயில் வைத்திய மாணவர்களைப் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு பற்றிய நூல்கள் தமிழாயின. அவரிடம் 60க்கும் மேற்பட்டோர் கற்றுத் தேறினர். காய்ச்சல், காயம், பிரசவம் எதுவாயினும் பார்க்கக்கூடிய ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம்.

கிறீனின் மாணவர்கள் யாவரும் ஆண்கள். 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1978இல் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடம் அமைந்தது. ஆயினும் நமது பிள்ளைகள் ஊரைவிட்டுப் போயே வைத்தியம் கற்க வேண்டியிருந்தது.

இங்குள்ள தேவையோ வேறு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பெரியாஸ்பத்திரி நகரில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மண்முனைத்துறையில் பாதை ஏறினார்கள். அல்லது வலையிறவு, பட்டிருப்புப் பாலங்களால் சுற்றி வந்தார்கள். பாம்பு கடித்தவருக்கும் பிரசவ வேதனையிலிருந்தவருக்கும் அந்தத் தூரம் உயிர்ப் பிரச்சினை.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது கிழக்குப் பல்கலைக்கழகம். சுனாமிக்குப் பின், போர் முடியுமுன்பே, அதன் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தது. போதனா வைத்தியசாலை விடுதிகளில் நோயைக் கற்கும் மாணவி, சமுதாய மருத்துவப் பாடத்தில் நோய் பிறக்கும் வீட்டையும் கிணற்றையும் கற்கிறாள். 1926இல் களுத்துறையில் முதன்முதலாக அமைந்த சுகாதாரப் பிரிவு இன்று நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக விரிந்திருக்கிறது. அதுவே அவளுடைய இன்னொரு வகுப்பறை. எந்த வீட்டில் கர்ப்பிணி கிளினிக்குக்கு வரவில்லை என்பதைப் புத்தகம் சொல்லாது. வீடுவீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கே அது தெரியும்.

விசேட வைத்திய நிபுணர்கள் நமக்கு அவசியம். ஆனால் நிபுணரிடம் யாரை, எப்போது அனுப்ப வேண்டும் என்று முதலில் தீர்மானிப்பவர் ஊர் ஆஸ்பத்திரியின் பொது வைத்தியரே. அவர் அங்கு நிலைத்திருக்க, வேலைக்கேற்ற மதிப்பும் வேண்டும். வெல்லாவெளியில் கடமையாற்றும் மகளிடம் "எப்ப ஸ்பெஷலிஸ்ட் ஆகப்போறாய்?" என்று மட்டுமே நாம் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? இனி நமது சங்கம் வைத்தியர்களான சகோதரிகளைக் கௌரவிக்கும்போது, படுவான்கரையில் சேவையாற்றுபவரையும் முன்வரிசையில் அமர்த்துவோம்.