பாட்டும் பெயரும்: பரிபாடல் அடிக்குறிப்பு முதல் இணைய ஓடை வரை

பரிபாடலைப் பயிற்றும் தமிழாசிரியர்கள் அந்நூலில் ஒரு சிறப்பைக் கண்டிருப்பர். பாட்டுகளின் இறுதியில் பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் பாட்டைக் காண்க. பாடியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டநாகனார், பண் பாலையாழ். அப்பாட்டு அந்நாளில் ஒலித்தவாறு இன்று நாம் கேட்க இயலாது. ஆயினும் பெட்டநாகனார் என்னும் இசைவல்லார் ஒருவர் இருந்தார் என்பதை அறிகிறோம். ஏடெழுதியோர் ஒரு வரி கூடுதலாக எழுதியதனால் நமக்குக் கிட்டிய பேறு இது. அக்குறிப்புக் கிட்டாத முதற்பாட்டுக்கும் இருபத்திரண்டாம் பாட்டுக்கும் உரிய புலவர் எவர் என்று இன்றளவும் தெரியவில்லை.

இணையத்தளத்தில் உள்ள பாட்டுகளைப் பலரோடு பகிர்ந்துகொள்ள இன்று வழங்கும் ‘ஆர்.எஸ்.எஸ். ஓடை’ என்னும் முறையைப் பற்றி எழுதப் புகுந்த யான் பரிபாடலில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. (இந்தியாவில் இதே எழுத்துகளால் அறியப்படும் அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஒரு பாட்டு ஓரிடம் விட்டு இன்னோரிடம் செல்லும்போது அதற்கு உரியவர் பெயரும் உடன் செல்கின்றதா என்னும் வினா ஏட்டுக்கும் ஓடைக்கும் பொதுவானது. சிங்கப்பூருக்குப் பாட்டுகள் வந்து சேர்ந்த வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விளக்கமாகும்.

இசைத்தட்டும் ஒலிநாடாவும்

இலண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். கிழக்கு நாடுகள் பலவற்றைச் சுற்றிய அவர், 1903-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் கூறிவிடுவார். தட்டுகள் அச்சாகியது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்குள்ள தொழிலாளருக்கு நம் நாட்டு மொழிகள் தெரியா. இன்ன தட்டு இன்னாருடையது என்று அவர்கள் அறிந்து பெயர்த்தாள் ஒட்டுவதற்காகவே இவ்வேற்பாடு என்பர். பரிபாடலின் அடிக்குறிப்பு இங்கே குரலாக வந்து நின்றது எனலாம்.

பின்னர் வானொலி வந்தது. போருக்குப் பின் 1946-ஆம் ஆண்டில் ரேடியோ மலாயா தொடங்கியது. தோட்டப்புறங்களில் வானொலிப் பெட்டி இருந்த வீட்டு வாசலில் அயல்வீட்டாரும் கூடிக் கேட்டனர். படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்லிய பின்னரே அறிவிப்பாளர் பாட்டை ஒலிக்கவிடுவார். எழுதப் படிக்க அறியாத முதியோரும் பாடகர் பெயர்களை அறிந்திருந்தமைக்கு அவ்வறிவிப்பே காரணம்.

1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் கொணர்ந்த கேசட் ஒலிநாடா இந்நிலையை மாற்றியது. யான் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். எண்பதுகளில் 170-ஆம் எண் பேருந்தில் கடற்பாலம் கடந்து, குவீன் ஸ்திரீட்டில் இறங்கி, சிராங்கூன் சாலைக்கு நடந்து செல்வோம். தேக்காக் கடைகளில் கேசட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கும். மேலட்டையில் நடிகர் படமும் பாட்டுகளின் முதலடியும் இருக்கும். பாடகர் பெயர் சிலவற்றில் இருக்கும். பாட்டெழுதிய கவிஞர் பெயர் இருப்பது அரிது. அவற்றுட் பல உரிமையின்றி எடுத்த படிகள் என்பதைப் பின்னரே அறிந்தேன். சிங்கப்பூரில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது 1987-ஆம் ஆண்டில். வாங்கிய கேசட்டை வீட்டில் மீண்டும் படியெடுத்து நண்பர்க்குக் கொடுத்தோம், அட்டையைக் கொடுத்தோமில்லை. இவ்வாறு பாட்டு பரவியது, பெயர் தேய்ந்தது.

இணையத்தில் தமிழ்

கணினிக் காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத்தொகுப்பு ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் எழுத்துகளை ஏற்றியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவர் தேசியக் கல்விக்கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர், அவ்வகையில் நம்மவர். 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதல் தமிழிணைய மாநாடும் சிங்கப்பூரிலேயே கூடியது. அந்நாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியேற்றத்தில் தமிழை எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவையே தம் கணினியில் நிறுவ வேண்டும். இன்றேல் பொருளற்ற குறிகளே தோன்றும்.

நா. கோவிந்தசாமி 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேதான் ஆர்.எஸ்.எஸ். முதன்முதல் வெளியாயிற்று. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் அதனை உருவாக்கிய இருவர் டான் லிபி என்பாரும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இராமநாதன் குகா என்பாரும் ஆவர். செய்தித் தலைப்புகளைத் திரட்டித் தருதலே அதன் முதல் நோக்கம். பின்னர் டேவ் வைனர் என்பார் ஓடையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்ப வழிசெய்து, 2001-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க இசைக்குழு ஒன்றின் பாட்டைக்கொண்டு அதனைச் செய்துகாட்டினார். இன்று ‘பாட்காஸ்ட்’ என்று வழங்குவனவெல்லாம் அவ்வழியில் வந்தவையே.

ஓடையின் அமைப்பு

ஓடை என்பது தளத்தில் வைக்கப்படும் ஓர் எளிய எழுத்துக்கோப்பு. அதன் தலைப்பகுதியில் மூன்று குறிப்புகள் இன்றியமையாதவை: ஓடையின் பெயர், தளத்தின் முகவரி, விளக்கம். அதன் கீழ் ஒவ்வொரு பாட்டும் ஓர் உருப்படியாக நிற்கும். உருப்படியில் பாட்டின் தலைப்பு, விளக்கம், வெளியிட்ட நாள், பிறவற்றோடு மயங்காமைக்கு ஒரு தனி அடையாளம் ஆகியவற்றை எழுதலாம். பாட்டுக்கோப்பைச் சேர்ப்பதற்கு உரிய ‘இணைப்பு’ என்னும் உறுப்பில் கோப்பின் முகவரி, பைட்டுக் கணக்கில் அதன் அளவு, அதன் வகை ஆகிய மூன்றும் வேண்டும். கேட்போர் தம் கைப்பேசிச் செயலியில் ஓடையின் முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். செயலி அவ்வப்போது தானே சென்று பார்த்து, புதுப்பாட்டு இருப்பின் கொணர்ந்து தரும். கேட்பவர் தம் பெயரையோ முகவரியையோ யாருக்கும் கொடுக்க வேண்டுவதில்லை.

தமிழுக்கு இதில் ஒரு நன்மை விளைந்தது. வலைப்பக்கம் எழுத்துருவையும் உடன் அனுப்பலாம்; ஓடை எழுத்தை மட்டுமே அனுப்பும். ஆகவே ஆளுக்கொரு குறியேற்றம் ஓடையில் செல்லாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியே செல்லும். தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிய ‘தமிழ்மணம்’ 2004-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியதும் இவ்வோடைகளின் துணையாலேயே.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் கூடாது. செய்திக்கென்று வகுத்த அமைப்பாதலின் ஓடையில் கவிஞர்க்கும் இசையமைப்பாளர்க்கும் பண்ணுக்கும் தனி இடமில்லை. எம்.பி.3 கோப்பின் நிலையும் தொடக்கத்தில் இத்தகையதே. 1996-ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஐ.டி.3’ குறிப்பு, பரிபாடல் அடிக்குறிப்பைப் போலவே கோப்பின் கடைசியில், 128 பைட்டில் அமைந்தது. அதில் பாடகர் பெயருக்கு ஒதுக்கிய இடம் 30 பைட்டு. ஆங்கில எழுத்தாயின் முப்பது அடங்கும். ஒருங்குறியில் தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வேண்டியிருத்தலின் பத்துக் குறிகளே அடங்கும். கடுவன் இளவெயினனார் என்று முழுமையாக எழுத 52 பைட்டு வேண்டும். பின்வந்த பதிப்புகள் இக்குறையை நீக்கின. ஆயினும் முன்னரே பரவிவிட்ட கோப்புகள் பெயரின்றியே திரிகின்றன.

பட்டறிவு கற்பித்தது

இதன் விளைவை யான் வகுப்பறையில் கண்டேன். பள்ளிக் கலைவிழாவுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இசைத்தளத்திலிருந்து பழம்பாட்டுகள் பலவற்றைக் கணினியில் சேர்த்து வைத்தேன். கோப்புகளின் பெயர் 01, 02 என்று எண்களாகவே இருந்தன. விவரம் தளத்தில் இருக்கிறதே என்று வாளாவிருந்துவிட்டேன். சில ஆண்டுகளில் அத்தளம் மறைந்தது. ஒருநாள் ஏழாம் எண் பாட்டைக் கேட்ட ஐந்தாம் ஆண்டு மாணவி, “ஐயா, இதைப் பாடியது யாருங்க?” என்றாள். என்னால் விடை கூற இயலவில்லை. தோட்டத்து முதியோரைக் கேட்டேன். வானொலியில் கேட்ட நினைவு உண்டு என்றனரேயன்றிப் பெயர் சொல்வார் இலர். அத்தளத்தை நடத்தியவரை நோவதில் பயனில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டவன் யானே.

அதன்பின் பள்ளிக்கென ஓர் ஓடையை அமைத்தேன். பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் இரண்டு மாலைப்பொழுதில் அதனைக் கற்பித்தார். திரைப்பாட்டு எதுவும் அதில் இல்லை. அவற்றைப் பரப்பும் உரிமை நமக்கு இல்லை. தோட்டத்துப் பாட்டிமார் பாடிய தாலாட்டும் கும்மியும், அவர்தம் இசைவு பெற்றுப் பதிவு செய்தவை, இதுகாறும் இருபத்து மூன்று உள்ளன. ஒவ்வொன்றின் விளக்கப் பகுதியிலும் பாடியவர் பெயர், பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பது, பதிவு செய்த நாள், இடம் ஆகியவற்றை எழுதியுள்ளோம். அவற்றைப் பாடியோருள் இருவர் இப்போது இல்லை.

சிங்கப்பூர் இவ்வகையில் நமக்கு முன்னோடி. தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வாயிலாக அங்குள்ள தமிழர் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து 2015-ஆம் ஆண்டில் தம் இலக்கியத்தையும், தொடர்ந்து நாடகம், இசை, நடனம் ஆகியவற்றையும் மின்வடிவில் தொகுத்தனர். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவர் பெயரையும் நிகழ்த்தியவர் பெயரையும் குறித்தல் வேண்டும் என்கிறது. இணையத்துக்கும் இது பொருந்தும். ஏடெழுதியோர் வழக்கமாகக் கொண்டிருந்த ஒன்று இன்று அங்கே சட்டமாகியுள்ளது.

தமிழாசிரியர்களுக்கு யான் விடுக்கும் வேண்டுகோள் எளியது. மாணவர்க்கு ஒரு பாட்டை அனுப்பும்போது, ஓடையாயினும் கைப்பேசிச் செய்தியாயினும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஆண்டு என்னும் நான்கையும் தமிழில் எழுதி அனுப்புக. தெரியாத ஒன்றிருப்பின் ‘தெரியவில்லை’ என்றே எழுதுக. பின்னால் வரும் ஒருவர் அதனை நிரப்பக்கூடும். எம் பள்ளிக் கணினியில் ஏழாம் எண் பாட்டுக்கு நேரே அச்சொல்லையே இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.